மீட்டருக்குத் தெரியாத உப்பு

அந்த டயாலிசிஸ் அறையில் எல்லோரும் அவளை சி.ஐ.டி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகள் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

பிறவியிலேயே சந்தேகக்காரி என்று சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பிளீச் விட்டுச் சுத்தம் செய்த மெஷின் ஒன்றைக் காட்டி, "கழுவியாச்சு, ஆளை மாட்டு" என்றார் மூத்த டெக்னீஷியன். அவள் சோதனைக் காகிதத்தை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள். காகிதம் நிறம் மாறியது. பிளீச் இன்னும் உள்ளேயே இருந்தது. ஊசியைக் குத்துவதற்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு மனுஷர் சிரித்த முகமாகப் படுத்திருந்தார். அன்றோடு "ஆச்சு" என்ற சொல்லை அவள் நம்புவதையே விட்டுவிட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவன் கடைகளுக்குச் சரக்கு போடும் வேன் ஓட்டுகிறவன்.

"கேஸ மூடிட்டீங்களா?"

"மூடியாச்சு."

உடனே எழுந்து போய்ப் பார்ப்பாள்.

"ஏண்டி, கட்டின புருஷன் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. உங்க கை மேலதான் இல்ல."

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். அவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியாது.

மருத்துவமனையின் பின்பக்கத்தில், துணி துவைக்கும் கூடத்துக்கும் மருந்து வைக்கும் அறைக்கும் நடுவே இருந்தது அந்த டயாலிசிஸ் அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து உட்காருவார்கள். கையிலிருந்து இரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே வந்து, வடிகட்டிக்குள் புகுந்து, சுத்தமாகித் திரும்பிப் போகும். வடிகட்டியில் ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் இரத்தம் ஓடும், மறுபக்கம் உப்புக் கரைத்த தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரில் எந்த உப்பு எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இரத்தம் வேண்டாததை விடும், வேண்டியதை வைத்துக்கொள்ளும். கேனில் வரும் கெட்டிக் கரைசலைச் சுத்தமான தண்ணீரில் கலந்து அதைத் தயாரிப்பது மெஷினின் வேலை. மெஷின் சரியாகக் கலந்ததா என்று சந்தேகப்படுவது சி.ஐ.டி அக்காவின் வேலை.

அதற்கு அவளிடம் கைக்கடக்கமான மீட்டர் ஒன்று இருந்தது. திரவத்தில் அதன் முனையை நனைத்தால் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டும். உப்பு தண்ணீரில் கரையும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதிக்கு பிளஸ், மறு பாதிக்கு மைனஸ். சோடியமும் பொட்டாசியமும் பிளஸ் பக்கம், குளோரைடு மைனஸ் பக்கம். மின்சாரத்தைக் கடத்துவது இவைதாம். பயிற்சியில் அவளுக்கு மறக்காமல் நின்றது ஒரே ஒரு பாடம்: எந்தத் திரவத்திலும் பிளஸ் எவ்வளவோ மைனஸும் அவ்வளவு இருந்தே தீரும். பிளஸ் மட்டும் தனியாக ஏறி உட்கார முடியாது. ஏறினால் ஒரு மைனஸையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் இன்னொரு பிளஸைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். கேனாக இருந்தாலும் சரி, மனுஷ உடம்பாக இருந்தாலும் சரி, மொத்தத்தில் கணக்கு நேராகவே இருக்கும்.

மற்றவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அவளுக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. எப்போதும் நேராகவே வரும் கணக்கை வைத்துக்கொண்டு திருடனை எப்படிப் பிடிப்பது?

தையல்காரர் அந்த அறைக்கு வர ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒல்லியான ஆள், ஐம்பதைத் தாண்டியவர். பேச்சில் கத்தரி வைத்திருப்பவர். அவளை "தங்கச்சி" என்பார், அவள் "அண்ணே" என்பாள். அவர் மனைவி எப்போதும் கூடவே வருவாள். வீட்டில் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவள், இங்கே வந்தும் மடியில் ஒரு பை நிறையச் சட்டை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. அறுந்த நூலைக்கூட விரலில் சுற்றிப் பத்திரப்படுத்துவாள்.

அந்த மாதத்து இரத்தப் பரிசோதனையில் தையல்காரருக்குப் பொட்டாசியம் எகிறியிருந்தது.

சி.ஐ.டி அக்கா முதலில் சந்தேகப்பட்டது பரிசோதனைக் கூடத்தை. ஊசியில் இரத்தத்தை வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ இரத்த அணுக்கள் உடைந்துவிடும். அணுவுக்குள்தான் பொட்டாசியம் குவிந்து கிடக்கிறது. உடைந்தால் அத்தனையும் வெளியே கொட்டி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அவளே நிதானமாக மறுபடி இரத்தம் எடுத்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போவது போல அதை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தாள்.

"கொண்டாந்து வச்சிட்டுப் போங்க. மெஷின்ல போடுற வரைக்கும் பக்கத்துலயே நிப்பீங்களா?" என்றான் பரிசோதனைக்காரன்.

"நின்னா கால் வலிக்கப் போறது எனக்குத்தானே, உங்களுக்கு இல்லியே."

முடிவு வந்தது. பொட்டாசியம் அதே உயரத்தில்தான் நின்றது.

மெஷின் கலந்த தண்ணீரில் மீட்டரை நனைத்துப் பார்த்தாள், எண் சரியாகவே இருந்தது. அடுத்து அவள் கண் கேன்களின் மேல் போனது. நீலச் சீட்டு ஒட்டிய கேன் ஒன்று, பச்சைச் சீட்டு ஒட்டியது ஒன்று என்று அங்கே இரண்டு வகை இருந்தன. மற்ற உப்பெல்லாம் ஒன்றேதான். பச்சையில் பொட்டாசியம் கொஞ்சம் கூடுதல். தையல்காரருக்கு நீலம். யாராவது பச்சையை மாற்றி வைத்திருந்தால் அவர் இரத்தத்திலிருந்து போக வேண்டியது போகாமல் தங்கிவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு கேனுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டும். மீட்டருக்கு மொத்தக் கூட்டம் எவ்வளவு என்று தெரியும். கூட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், தையல்கார அண்ணனுக்குப் போன தடவை கேன் வச்சது யாரு?"

"நான்தான். நீலம்தான் வச்சேன்."

"பாத்து வச்சீங்களா, இல்ல கைக்கு வந்தத எடுத்து வச்சீங்களா?"

நர்ஸ் கையிலிருந்த பஞ்சைத் தட்டில் போட்டாள். "இங்க பாருங்கக்கா. எனக்குக் கண்ணும் இருக்கு, மானமும் இருக்கு. நீங்க போய் அந்தக் கேனையே விசாரிங்க. அது உண்மையச் சொல்லும்."

சி.ஐ.டி அக்கா அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நீலக் கேனிலிருந்து ஒரு சின்னக் குழாயில் பிடித்துக்கொண்டு மறுபடியும் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தாள். பரிசோதனைக்காரன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். கேன் குற்றமற்றது என்று முடிவு வந்தது. நர்ஸ் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மெஷின் நிரபராதி, கேன் நிரபராதி, பரிசோதனைக் கூடமும் நிரபராதி. மிச்சம் இருந்தது வீடு.

அதற்குள் டாக்டர் தையல்காரரின் இதயத்துடிப்பை வரைந்து பார்த்துவிட்டார். காகிதத்தில் தாழ்ந்த மேடாக வர வேண்டிய கோடு கூடாரம் போலக் கூர்மையாக எழுந்து நின்றது. அதைப் பார்த்து டாக்டரின் முகம் மாறியது. அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இந்த ஆளு வீட்டுல எதையோ சாப்பிடுறாரும்மா. நாம எடுக்க எடுக்க மறுபடி ஏறுது. இன்னொரு தடவை இப்படி ஏறினா, வழியிலேயே நின்னுடும்."

எது நின்றுவிடும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் பொட்டாசியத்தை உள்ளே அடைத்துவைத்து சோடியத்தை வெளியே நிறுத்துகிறது. அதனால் அணுவின் சுவரில், உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே, மிகமிகச் சின்ன பேட்டரி ஒன்று உண்டாகிறது. இதயம் துடிப்பது அந்த பேட்டரியில்தான். வெளியே இரத்தத்தில் பொட்டாசியம் ஏற ஏற, உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்து பேட்டரி இளைத்துப்போகும். ஓரளவுக்கு மேல் போனால் இதயத்துக்கு எப்போது துடிப்பது என்றே தெரியாமல் போய்விடும். வலிக்காது. முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாது. அப்போதும் உடம்பில் பிளஸும் மைனஸும் மொத்தத்தில் நேராகவே இருக்கும்.

அடுத்த முறை தையல்காரர் வந்தபோது ஊசி குத்துவதற்கு முன்பே விசாரணை ஆரம்பமானது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?"

"வாழைப்பழமா? அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு தங்கச்சி. மஞ்சளா இருக்கும், இல்ல?"

"பழச்சாறு? தக்காளி? டீக்கடையில ஏதாச்சும்?"

"டீக்கடைக்குப் போனா, தொண்டை நனையுற அளவுக்கு மேல ஒரு வாய் குடிக்கக் கூடாதுன்னு இவ பின்னாடியே வந்து நிப்பா. கடைக்காரன் எங்க ரெண்டு பேரையும் பாத்தாலே பெஞ்சைத் தூக்கி உள்ள வச்சிடுறான்."

பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். சி.ஐ.டி அக்கா சிரிக்கவில்லை. அவள் பார்வை அவர் மனைவியின் மடியிலிருந்த பைக்குப் போனது.

"அண்ணி, அந்தப் பையக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஊசி நின்றது. அந்தம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினாள். சட்டைகள், பட்டன் டப்பா, நூல்கண்டு, காலி டம்ளர் ஒன்று. ஒரு பட்டன் உருண்டு மெஷினுக்கு அடியில் போனது. அதை யாரும் எடுக்கவில்லை.

"போதுமா? சேலை முந்தானையையும் அவுத்துக் காட்டணுமா?"

"உங்களைச் சொல்லல அண்ணி…"

"வேற யாரைச் சொல்றீங்க? அவருக்கு வாயில வைக்கிறது நான் ஒருத்திதானே?"

சி.ஐ.டி அக்கா குனிந்து சிதறிய சட்டைகளை எடுத்துப் பையில் போட்டாள். ஆனால் மனசுக்குள் இருந்த பூச்சி ஓயவில்லை. அவருடைய எடை மட்டும் எப்போதும் மிகச் சரியாக வந்தது. குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் ஓர் அளவு வைத்திருந்தார். பலர் அதைத் தாண்டி வீங்கிப்போய் வருவார்கள், இவர் ஒரு நாளும் தாண்டியதில்லை. இவ்வளவு ஒழுங்காக அளந்து கொடுக்கிற கை உணவில் மட்டும் எப்படித் தவறும்? தவறுகிறதா, இல்லை, தவறவிடுகிறதா? நோயாளியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வீடுகளை அவள் கண்டிருக்கிறாள். இந்த அம்மா சலிப்பே காட்டுவதில்லை. எந்நேரமும் முகத்தில் ஒரு தெளிவு. அதுவே அவளுக்கு உறுத்தியது.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

"அந்தம்மா மேலயா சந்தேகப்படுற?" அவன் கை தட்டிலேயே நின்றது. "பொண்டாட்டி புருஷனை நல்லாப் பாத்துக்கிட்டா அது ஒரு குத்தமாடி?"

"நல்லாப் பாத்துக்கிட்டா ஏன் ஏறுது?"

"அத நீ அங்க போய்ப் பாரு. இங்க உக்காந்து என் தட்டை முறைச்சா என்ன தெரியும்?"

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விடுமுறை நாளில் தையல்காரர் வீட்டைத் தேடிப் போனாள். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி செங்குத்தாக ஏறும் வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஒன்றில் துணி போர்த்தியிருந்தது. மற்றொன்றின் முன்னால் தையல்காரர் உட்கார்ந்திருந்தார், ஆனால் தைக்கவில்லை.

"வா தங்கச்சி! வாரண்ட் எதுவும் கொண்டாந்திருக்கியா?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேண்ணே."

"இந்தப் பக்கம் என் வீட்டையும் பஞ்சர் கடையையும் விட்டா வேற ஒண்ணும் இல்லியே. உன் சைக்கிள் பஞ்சரா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். வந்தவளைக் கண்டதும் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு தெளிந்தது. "உள்ளயே வாங்க" என்று நேராக அடுப்படிக்கே கூட்டிப்போனாள். அங்கே போய் அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தாள்.

"இது மளிகை. இது பாத்திரம். மேல இருக்கிறது பழைய துணி. பூட்டு ஒண்ணும் இல்ல. தேடுங்க."

சி.ஐ.டி அக்காவுக்குக் காது சூடானது. அங்கேயே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனாலும் அவள் கண் அவள் பேச்சைக் கேட்பதில்லை; அது தன்பாட்டில் தேடிக்கொண்டுதான் இருந்தது. வாழைப்பழம் இல்லை. உலர்ந்த பழம் இல்லை. உப்புக்கு மாற்றாக விற்கிற பொட்டாசிய உப்புப் பொட்டலமும் இல்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும், அந்தப் பக்கம் கொஞ்சம் கீரை. அடுப்பில் ஒரு பெரிய பாத்திரத்தில் நறுக்கிய காய் நிறையத் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் அறையில் சொல்லிக்கொடுத்தபடியேதான். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பொட்டாசியம் பாதிக்கு மேல் தண்ணீரில் இறங்கிவிடும். ஒரு குறையும் சொல்ல முடியாத அடுப்படி.

"நீங்க சொன்னது ஒண்ணையும் நான் தப்பவிடல தங்கச்சி." இப்போது அந்தம்மாவின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வந்ததுதான் வந்தீங்க, சாப்பிட்டுப் போங்க. ருசி ஒண்ணும் இருக்காது. சத்தெல்லாம் போன காய்தான். வாயில வச்சா வைக்கோல்தான்."

"அவரு குறை சொல்ல மாட்டாரா?"

"அவருக்கென்ன குறை?"

பேசிக்கொண்டே அவள் பாத்திரத்தை இறக்கினாள். சல்லடையை ஒரு குண்டானின் மேல் வைத்துக் காயைக் கவிழ்த்தாள். கலங்கிய பச்சைத் தண்ணீர் ஆவி பறக்கக் குண்டானில் இறங்கியது. பிறகு அலமாரியிலிருந்து கோடு போட்ட ஒரு டம்ளரை எடுத்தாள். பகலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் சொன்ன அளவுக்கு அதில் நகத்தால் கீறியிருந்தது. கீறல் வரைக்கும், ஒரு சொட்டு கூடாமல், ஒரு சொட்டு குறையாமல், குண்டானிலிருந்து ஊற்றினாள். ஆறட்டும் என்று ஜன்னலோரம் வைத்தாள்.

சி.ஐ.டி அக்கா ஜன்னலருகே போய் டம்ளரை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, இது யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"வடிச்ச தண்ணியா?"

"ஆமா. அவரு குடிக்கிறதே இத்தனூண்டு. அதையும் வெறும் தண்ணியாக் குடுத்து என்ன பிரயோஜனம்? காயில இருந்த சத்தெல்லாம் இதுலதானே இறங்கியிருக்கு? அளவு கூடலியே. வேணா எடை போட்டுப் பாருங்க."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழையில்லை. அளவு கூடவில்லை. சத்து அதில்தான் இறங்கியிருந்தது. காயிலிருந்து இறங்கிய அத்தனை பொட்டாசியமும், தன்னோடு ஜோடி சேர்ந்த மைனஸ்களையும் கூட்டிக்கொண்டு, அந்த டம்ளரில்தான் மிதந்துகொண்டிருந்தது. எடைபோடும் மெஷினுக்கு அது வெறும் தண்ணீர். எல்லாக் கணக்கும் நேர். இத்தனை நாளும் எல்லாக் கணக்கும் நேராகவே இருந்தது. அவள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆள் நடுப்பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு அண்ணனுக்குக் குடுத்தீங்களா?"

"காலையில குடுத்தேன். ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது உங்களுக்கு?"

சி.ஐ.டி அக்கா முன்னறைக்கு ஓடினாள்.

"அண்ணே, ஏன் தைக்காம உக்காந்திருக்கீங்க?"

"காலு கொஞ்சம் துவண்டாப்புல இருக்கு. மெஷினை மிதிக்க முடியல. காலையிலிருந்து இப்படித்தான். வயசாகுது, வேறென்ன?"

அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய யோசித்து யோசித்து அடித்தது.

"எழுந்திருக்காதீங்க. சட்டைய மாத்த வேணாம். அண்ணி, கீழ பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரு தூக்கி இறக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"தங்கச்சி, அரெஸ்ட்டா?" என்றார் தையல்காரர். ஆனால் அவர் உதடு வெளுத்திருந்தது.

வண்டியில் போகும்போது அவர் மனைவி அவர் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் இறங்கியதும் எல்லாம் மளமளவென்று நடந்தன. இதயத்தைக் காக்க ஓர் ஊசி, பொட்டாசியத்தை அணுவுக்குள் திருப்பித் தள்ள இன்னொன்று, பிறகு நேராக மெஷின். கோடுகள் திரையில் கூடாரம் கூடாரமாக எழுந்தன. எழுந்தவை மெதுமெதுவாகத் தாழ்ந்தன. நர்ஸ் நீலக் கேனைக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த சீட்டைச் சி.ஐ.டி அக்காவின் மூக்குக்கு நேரே காட்டிவிட்டுத்தான் மாட்டினாள்.

வெளியே நடையில் இருந்த பெஞ்சில் அந்தம்மா உட்கார்ந்திருந்தாள். சி.ஐ.டி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதையும் பூசி மெழுகிச் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், மறைத்துச் சொன்னால் நாளைக்கே மறுபடி அந்தக் குண்டான் அடுப்பில் ஏறும்.

"அண்ணி, காய வேகவச்சு வடிக்கச் சொல்றது அந்தத் தண்ணியக் கீழ கொட்டுறதுக்குத்தான். கெட்டது அதுலதான் இறங்குது. மத்தவங்களுக்கு அது சத்து. அண்ணனுக்கு அது விஷம். அவரு உடம்புக்கு அத வெளிய தள்ளத் தெரியாது. நெஞ்சு நின்னுடும்."

அந்தம்மா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப, என் கையாலதான்."

"தெரிஞ்சு செய்யல நீங்க."

"தெரிஞ்சு செய்யல." அதை ஒரு முறை தனக்கே சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். அவள் கண்ணில் இருந்தது அழுகையில்லை. சி.ஐ.டி அக்காவுக்கு நன்றாகப் பழக்கமான சந்தேகம் அது. இதுவரை யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "வடிச்சிடுங்கன்னு சொன்னீங்க. எத்தனையோ தடவை சொன்னீங்க. ஏன் வடிக்கணும்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா? நான் எதையும் தூக்கிப் போடாதவன்னு தெரியும்ல உங்களுக்கு? உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அத்தனை நாளா. என்னத்தப் பாத்தீங்க?"

சி.ஐ.டி அக்காவுக்குத் தன் குரலே காதில் கேட்டது. நோயாளி புதிதாக வந்ததும் ஒப்பித்துவிட்டுப் போகும் பத்துப் பேச்சில் அதுவும் ஒன்று. "காயை வேகவச்சு வடிச்சிடுங்க." கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டியதை அவள் நம்பியிருந்தாள். யார் கையையும் நம்பாதவள், தன் வாயை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

"தப்புதான் அண்ணி" என்றாள்.

அதற்குப் பிறகு தையல்காரரின் பொட்டாசியம் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. பரிசோதனைக்காரனே அறை வரை வந்து முடிவைக் கொடுத்துவிட்டுப் போனான். டாக்டர் முதுகில் தட்டினார். ஆனால் சி.ஐ.டி அக்காவின் கண் வேறொன்றைக் கவனித்தது. தையல்காரர் மனைவி கணவனுக்கு எதையும் தன் கையால் கொடுப்பதில்லை. டம்ளரைக்கூட அவரே எடுத்துக்கொண்டார். மாத்திரையை அவரே பிரித்தார். அவள் தள்ளி உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்த பட்டனை இழுத்து இழுத்துப் பார்த்து, அறுத்துவிட்டு மறுபடியும் தைத்தாள்.

"ஒரே வீட்டுல இருக்கோம் தங்கச்சி," என்று தையல்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார். கத்தரி மழுங்கியிருந்தது. "சமைக்கிறது நான். வடிக்கிறது நான். அவ வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போயிடுறா. நான் திட்டவே இல்ல. ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமோ?"

அன்று டயாலிசிஸ் பாதியில் இருக்கும்போது அவருக்கு வாய் வறண்டுவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு உதட்டில் வைத்துக்கொள்ள ஒரு பனிக்கட்டித் துண்டு கொடுப்பது வழக்கம். சி.ஐ.டி அக்கா ஒரு சின்னக் கப்பில் ஒரு துண்டு எடுத்து வந்தாள். நேராக அவரிடம் போகவில்லை. அவர் மனைவியிடம் போய் நீட்டினாள்.

"அண்ணனுக்குக் குடுங்க."

"நீங்களே குடுங்க."

"எனக்கு அந்தப் பக்கம் மெஷின் கூப்பிடுது."

மெஷின் எதுவும் கூப்பிடவில்லை. அது அந்தம்மாவுக்கும் தெரியும். அவள் கப்பை வாங்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எந்தத் தண்ணி?"

ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்தான் என்று சி.ஐ.டி அக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கீழே குந்தி உட்கார்ந்தாள்.

"நல்ல தண்ணிய வடிகட்டி உறைய வச்சது. உப்பு இதுல பேருக்குத்தான் இருக்கும். பிளஸ்ஸும் கிட்டத்தட்டக் கிடையாது, மைனஸும் கிடையாது. அண்ணனுக்கு இதுல ஒரே ஒரு கெடுதல்தான், இதுவும் தண்ணிக் கணக்குல சேரும். அதனாலதான் ஒரு துண்டு. ரெண்டாவது கேப்பாரு, குடுக்காதீங்க."

"ரெண்டாவது ஏன் கூடாது?"

"இரத்தத்துல தண்ணி சேந்தா எடை ஏறும், நெஞ்சுக்குப் பாரம், மூச்சு வாங்கும்."

"ஒண்ணுக்கு ஏறாதா?"

"ஏறும். ஆனா அந்த அளவை மெஷின் எடுத்துடும்."

"எடுக்கும்னு நிச்சயமா?"

"நிச்சயமா."

"நீங்க பாத்தீங்களா, இல்ல சொல்றாங்களா?"

பக்கத்து மெஷினுக்குப் பின்னால் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சி.ஐ.டி அக்கா எழுந்தாள். மெஷினின் திரையை அந்தம்மாவின் பக்கம் திருப்பினாள். எடுத்த தண்ணீர் எவ்வளவு, இனி எடுக்க வேண்டியது எவ்வளவு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். அந்தம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் புரியவில்லை என்றாள். மறுபடி முதலிலிருந்து காட்ட வேண்டியிருந்தது.

"அதுக்குள்ள உருகிடும்" என்றார் தையல்காரர் நாற்காலியிலிருந்து. "நீங்க ரெண்டு பேரும் சேந்து விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

அவர் மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. கப்பைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு பக்கம் கரைந்துபோயிருந்த அந்தத் துண்டை நன்றாகப் பார்த்தாள். பிறகு அதை இரண்டு விரலால் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயத் திறங்க. கடிக்காதீங்க. கடிச்சா சீக்கிரம் தீந்துடும், அப்புறம் என்னைக் கேப்பீங்க."